பொங்கலுக்கு அழைத்தோம், மூன்று பேர்தான் வந்தார்கள்

வாசகி எழுதியது: "நானும் கணவரும் சென்னையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். இரண்டு வருஷத்துக்கு முன் கோத்தகிரி பக்கத்தில் ஒரு கிராம ஊராட்சியில், தேயிலைத் தோட்டமாக இருந்து பிரித்து விற்ற நிலத்தில் வீடு கட்டிக் குடிவந்தோம். எங்களோடு சேர்த்து 17 வீடுகள். போன பொங்கலுக்கு எல்லோரையும் நேரில் போய் அழைத்தோம், மூன்று பேர்தான் வந்தார்கள். வாட்ஸப் குழு ஆரம்பித்தேன், யாரும் பேசுவதில்லை. குடியிருப்போர் சங்கம் வைத்து, நுழைவில் கேட் போட்டு காவலாளி வைக்கலாம் என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நிலத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்ட பிறகு சிலர் முகம் கொடுத்தே பேசுவதில்லை. கீழ்வீட்டு அம்மா ஒருநாள் மழைத்தண்ணீரைப் பற்றி ஏதோ சொன்னார். குழாய் எங்கள் நிலத்துக்குள்தான் இருக்கிறது என்று கணவர் பதில் சொல்லிவிட்டார். நாங்கள் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. இவர்களில் ஒருத்தியாக வாழ நான் என்ன செய்ய வேண்டும்?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை பொங்கல் விஷயம்தான் மனதில் நின்றது. வீடு வீடாகப் போய் அழைத்து, பெரிய பானையில் சர்க்கரைப் பொங்கல் வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்கும் மனசு வலிக்கும். இரண்டாவது தடவை படித்தபோது, கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்த இரண்டு விஷயங்களைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. ஒன்று கம்பி வேலி. இன்னொன்று, கீழ்வீட்டு அம்மா தண்ணீரைப் பற்றிச் சொன்ன அந்த "ஏதோ".

நான் குன்னூரில் வழக்கறிஞர். நிலம், பாதை, தண்ணீர்த் தகராறுகளில் இரண்டு தரப்பையும் உட்காரவைத்து சமரசம் பேசுவதிலேயே 20 வருஷத்துக்கு மேல் போய்விட்டது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். சமவெளியில் பக்கத்து வீடு, எதிர்வீடு என்போம். மலையில் மேல்வீடு, கீழ்வீடு. சென்னையில் உங்கள் மொட்டைமாடித் தண்ணீர் தெருவுக்குப் போகும், தெருத் தண்ணீரை மாநகராட்சி பார்த்துக்கொள்ளும். இங்கே நீங்கள் கைவிடுகிற தண்ணீர், மண், குப்பை, உருண்டு போகிற கல் எல்லாமே கீழே இருக்கிற ஒருவர் வாசலில்தான் போய்ச் சேரும். அதேபோல மேலே இருப்பவர் கைவிடுவது உங்கள் வாசலுக்கு வரும். அதனால் இங்குள்ளவர்கள் புதிதாக வருகிறவரை முதலில் தண்ணீரை வைத்துத்தான் எடை போடுகிறார்கள். பொங்கலுக்குக் கூப்பிட்டாரா என்பதெல்லாம் அதற்கப்புறம்.

சரி, தண்ணீரிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1000 சதுர அடி கூரையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 9,300 லிட்டர் தண்ணீர் சேரும். ஒரு லாரித் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேயிலைச் செடி இருந்த காலத்தில் அதே மழையில் ஒரு பங்கை மண் குடித்திருக்கும், மீதி செடிகளுக்கு இடையில் பிரிந்து மெதுவாக இறங்கியிருக்கும். இப்போது கூரையிலும், சிமெண்ட் போட்ட முற்றத்திலும் விழுவதெல்லாம் சேர்ந்து ஒரே குழாய் வழியாக, ஒரே இடத்தில், வேகமாக விழுகிறது. விழுகிற இடம் கீழ்வீட்டுத் தடுப்புச் சுவருக்குப் பின்னால் இருக்கிற மண்ணாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்த மண் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போய், சுவரைப் பின்னாலிருந்து தள்ளும். சுவரில் வடிகால் துளைகள் அடைத்திருந்தால் தள்ளுகிற பலம் அப்படியே ஏறிக்கொண்டே போகும். சுவர் ஒரே நாளில் விழுவதில்லை. முதலில் வயிறு முன்னால் தள்ளும், அப்புறம் விரிசல் விடும். கீழே குடியிருப்பவர்தான் அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பார்.

உங்கள் கணவர் சொன்னது சட்டப்படி பாதி சரி. அடுத்தவர் நிலத்தின் மேல் ஒருவருக்கு இருக்கிற வழி, தண்ணீர் போன்ற உரிமைகளைச் சொல்கிற 1882ஆம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டம், மேல் நிலத்தில் விழுகிற மழைத்தண்ணீர் இயற்கையாக இறங்கி வந்தால் கீழ் நிலத்துக்காரர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்கிறது. "இயற்கையாக" என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. கூரையிலிருந்தும் முற்றத்திலிருந்தும் சேர்த்து, குழாய்க்குள் விட்டு, அடுத்தவர் தலைக்கு மேல் திறந்துவிடுவது இயற்கையான ஓட்டத்தில் சேராது. குழாய் உங்கள் நிலத்துக்குள் முடியலாம். தண்ணீர் அங்கே முடிவதில்லை.

ஒருமுறை இதேபோன்ற ஒரு வழக்கில், மேல்வீட்டுக்காரரைக் கீழ்வீட்டுச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மத்தியானம் நல்ல மழை. ஜன்னலுக்கு வெளியே மூன்றடி தள்ளி அவருடைய நிலத்தைத் தாங்குகிற கருங்கல் சுவர். கல் இடுக்குகளிலிருந்து காப்பித் தூள் கரைத்த மாதிரி தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அடுப்படித் தரையில் பழைய சாக்கு விரித்திருந்தார்கள், அதுவும் ஊறிப்போயிருந்தது. வீட்டுக்கார அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, கறுப்புத் தேநீர் போட்டுக் கொடுத்தார். மேல்வீட்டுக்காரர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். 11 மாதம் இழுத்த வழக்கு அந்த வாரமே முடிந்துவிட்டது.

அதனால் நான் உங்களுக்குச் சொல்கிற முதல் வேலை இதுதான். அடுத்த முறை மழை பிடிக்கும்போது நீங்கள் இரண்டு பேரும் குடை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போங்கள். உங்கள் கணவர் கட்டாயம் வர வேண்டும். பேச்சு அவர் வாயிலிருந்து வந்தது, அதை எடுக்க வேண்டியவரும் அவர்தான். "அன்றைக்கு நீங்கள் சொன்னதைச் சரியாகக் கேட்காமல் பேசிவிட்டேன். எங்கே விழுகிறது என்று காட்டுங்கள், பார்த்துச் சரி பண்ணுகிறோம்" என்று சொன்னால் போதும். பழத்தட்டு, பலகாரம் எதுவும் கொண்டுபோக வேண்டாம். குறை கேட்கப் போகிற வீட்டுக்குப் பலகாரத்தோடு போனால், அவர்கள் வாயைத் திறந்து குறையைச் சொல்லமாட்டார்கள்.

பிறகு வேலை. குழாயை நீட்டி, சாலையோர வாய்க்காலிலோ ஏற்கெனவே ஓடுகிற ஓடையிலோ கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கூரைத் தண்ணீரில் முடிந்ததைத் தொட்டியில் பிடித்து வையுங்கள், கோடையில் நீங்களே அந்தத் தொட்டிக்கு நன்றி சொல்வீர்கள். சென்னைப் பழக்கத்தில் மழைநீரை மண்ணுக்குள் இறக்குகிறேன் என்று தடுப்புச் சுவருக்கு மேலே குழி மட்டும் தோண்டிவிடாதீர்கள். அங்கே நல்ல காரியமாக இருப்பது இங்கே சரிவைத் தளர்த்திவிடும். மலையில் வேலை செய்து பழகிய ஒரு பொறியாளரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள். வேலையைக் கடப்பாரை, மண்வெட்டியோடு முடித்துக்கொள்ளலாம். பொக்லைன் என்றால் இந்த மாவட்டத்தில் அனுமதி வாங்காமல் இறக்கக் கூடாது.

இவ்வளவு நேரம் தண்ணீரைப் பற்றியே பேசுகிறாரே என்று நினைக்காதீர்கள். 2009 நவம்பரில் இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அது சாதாரணப் பேச்சு இல்லை. அந்த மாதம் 10ஆம் தேதிக் கணக்கில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் பல இடங்களில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பம், மேல்வீடு கீழ்வீடு. வேலித் தகராறில் ஆறு வருஷமாக நீதிமன்றத்தில் இருந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அந்த மழையில் ஒரு ராத்திரி மேல்வீட்டுக்காரர் தன் முற்றத்தில் விரல் நுழைகிற அளவு வெடிப்பைப் பார்த்திருக்கிறார். டார்ச்சை எடுத்துக்கொண்டு நேராகக் கீழே போய்க் கதவைத் தட்டி, "பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு மேலே வாங்க" என்று கூப்பிட்டார். விடிவதற்குள் கீழ்வீட்டின் சமையலறைப் பக்கச் சுவர் சரிந்துவிட்டது. ஆறு பேர் உயிரோடு இருக்கிறார்கள். உங்கள் 17 வீட்டில் வயதானவர்கள் யாரைக் கேட்டாலும் இப்படி ஒன்று சொல்வார்கள். உங்கள் குழாயை அவர்கள் அந்த நினைவோடுதான் பார்க்கிறார்கள்.

அடுத்தது வேலி. உங்கள் நிலம் தோட்டமாக இருந்தபோது அதன் ஓரமாக ஒரு ஒற்றையடிப் பாதை இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் எழுதவில்லை, ஆனால் வேலி போட்டதும் பேச்சு நின்றது என்றால் பெரும்பாலும் காரணம் பாதைதான். மலையில் ரோடு வளைந்து வளைந்து போகும், ஆட்கள் குறுக்கே இறங்குவார்கள். காரில் போகிற உங்களுக்கு ரோடு சுற்று இரண்டு நிமிஷம். காலையில் கொழுந்து பறிக்கப் போகிற பெண்ணுக்கு, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பள்ளிக்கூடப் பிள்ளைக்கு, மாத்திரை வாங்கப் போகிற பெரியவருக்கு அது அரைமணி நேரம்.

கிராம நிர்வாக அலுவலரிடமோ இணையத்திலோ உங்கள் சர்வே எண்ணுக்கான புலப்படத்தை, அதாவது நில அளவை வரைபடத்தை, எடுத்துப் பாருங்கள். அதில் பாதை குறித்திருந்தால் விவாதமே இல்லை, வேலியைப் பின்னால் தள்ள வேண்டியதுதான். குறித்திருக்காவிட்டாலும், ஒரு வழியை 20 வருஷம் வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையோடு ஜனங்கள் பயன்படுத்தி வந்திருந்தால் அது அவர்களுக்கு உரிமையாகவே நிலைத்துவிடும். இதுவும் அதே ஈஸ்மெண்ட் சட்டம்தான். "விட்டால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ" என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். வழி நடக்கிற உரிமை நிலத்தின் மேல் சொந்தம் ஆகாது. பட்டா உங்களுடையதுதான். பழைய பாதையே இல்லாமல், இப்போது நீங்களாக இணங்கி வழி விடுவதாக இருந்தால், அனுமதியின் பேரில் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அனுமதியோடு நடப்பது எத்தனை வருஷம் ஆனாலும் உரிமையாக மாறாது.

வேலியை முழுக்கப் பிரிக்கச் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் ஒரு ஆள் நுழைகிற இடைவெளி விட்டு, உள்ளே குறுக்காக ஒரு கம்பைத் தள்ளி நட்டால் ஆள் வளைந்து நுழையலாம், மாடு நுழையாது. தோட்டங்களில் இப்படி எத்தனையோ பார்த்திருப்பீர்கள். காட்டு மாடுகளைப் பற்றியும் ஒன்று யோசியுங்கள். அவை வழக்கமாக ஒரு தடத்தில் வந்து போகிறவை. ஒரு நிலத்தைக் கம்பியால் மூடினால் மந்தை மறைந்துபோகாது, அடுத்த வீட்டு முட்டைக்கோஸ் பாத்திக்குள் இறங்கும், இல்லையென்றால் ரோட்டில் வந்து நிற்கும். முள்கம்பியில் கிழிபட்ட மாடு இன்னும் ஆபத்து. வேலியின் எந்தப் பக்கம் மாடு வரும் என்று மேல்வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு வேலி போட்டிருக்கலாம். இப்போது கேட்டாலும் தப்பில்லை.

கேட்பது என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும், இது கொஞ்சம் மனசு விட்டுச் சொல்வது. நீங்கள் இந்த இரண்டு வருஷத்தில் நிறையக் கொடுத்திருக்கிறீர்கள். பொங்கல் கொடுத்தீர்கள், குழு ஆரம்பித்துக் கொடுத்தீர்கள், சங்கத்துக்கு யோசனை கொடுத்தீர்கள். அவர்களிடம் எதையாவது கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. உருளைக்கிழங்கு எப்போது போடுவது, எந்த ஓடைத் தண்ணீர் கோடையிலும் வற்றாது, ராத்திரி குப்பைத் தொட்டியை உருட்டியது கரடியா நாயா, யார் நன்றாகக் கருங்கல் சுவர் கட்டுவார் என்று கேட்க எவ்வளவோ இருக்கிறது. தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்த மனுஷர்தான் அடுத்த நாள் வேலி ஓரமாக நின்று "கிழங்கு முளைச்சிருச்சா?" என்று விசாரிப்பார். நம்மிடம் வாங்கிக்கொண்டே இருக்கிறவர் திருப்பிச் செய்ய முடியாத கூச்சத்தில் ஒதுங்கிப் போவார்.

நீங்கள் "இவர்களில்" என்று ஒரே வார்த்தையில் எழுதியிருந்தீர்கள். அந்த 17 வீட்டையும் தனித்தனியாகத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர்கள் தங்கள் ஊரை அப்படித்தான் சொல்வார்கள்) வந்த படுகர் குடும்பங்கள் இருக்கும். 1964ஆம் வருஷத்து இந்திய இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து, இங்கே தேயிலையிலேயே தலைமுறை கண்டவர்கள் இருப்பார்கள். கேரளத்திலிருந்து வந்து கடை வைத்தவர்கள், உங்களைப் போல ஓய்வுக்கு வந்தவர்கள் இருப்பார்கள். இவர்களுக்குப் பண்டிகையும் வேறு, துக்கம் காக்கிற முறையும் வேறு. பொங்கலன்று நிறையப் பேர் வராததற்கு, அவரவர் வீட்டிலும் அன்று பொங்கல்தான் என்பதே காரணமாக இருக்கலாம். டிசம்பர், ஜனவரியில் படுகர்களின் ஹெத்தை அம்மன் பண்டிகை வரும். வெள்ளை உடுத்தி ஊரே சேர்ந்து போகிற பண்டிகை. வரலாமா, எப்படி வரவேண்டும் என்று படுகர் வீட்டில் ஒருவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கூட்டிக்கொண்டு போனால், கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

பண்டிகையைவிட முக்கியம் ஒன்று. நல்லதுக்குக் கூப்பிட்டால் போகவேண்டும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போகவேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இங்கே அது இன்னும் கண்டிப்பு. ஒரு வீட்டில் இழவு என்றால், பேச்சுவார்த்தை இருக்கிறதோ இல்லையோ, போய் நில்லுங்கள். யாராவது கேதத்துக்கு வருகிறவர்களை பஸ் நிறுத்தத்திலிருந்து உங்கள் காரில் ஏற்றிவரச் சொன்னால் அன்று முழுவதும் அந்த வேலையைச் செய்யுங்கள். கார் விஷயத்தில் இன்னொன்றும் செய்யலாம். "ராத்திரி எத்தனை மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா எங்களை எழுப்புங்க" என்று நாலு வீட்டில் வாயால் சொல்லி வையுங்கள். பிறகு ஒருநாள் கதவு தட்டப்படும்போது எழுந்து போக வேண்டும், அவ்வளவுதான்.

சங்கத்தை இப்போதைக்கு ஒத்திப் போடுங்கள். ஏழு பேர் சேர்ந்தால் 1975ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்துவிடலாம், அது கஷ்டமில்லை. ஆனால் நீங்கள் முன்வைத்த முதல் யோசனையே கேட்டும் காவலாளியும். தலைமுறையாக இந்த வழியில் நடந்தவர்களுக்கு அது "இனி உங்களை நிறுத்தி விசாரிப்போம்" என்றுதான் கேட்டிருக்கும். ஏற்கெனவே இருக்கிற இடத்துக்கு நீங்கள் போங்கள். கிராம ஊராட்சி என்பதால் உங்களுக்கு கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு தடவை. முதல் இரண்டு கூட்டத்தில் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருங்கள். எந்தத் தெருவிளக்கு எரியவில்லை, எந்த வாய்க்கால் அடைத்துக் கிடக்கிறது என்று அவர்கள் எதைப் பேசுகிறார்களோ, அதில் உங்களால் ஆன வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். மனு எழுதுவது, அதைத் தொடர்ந்து விசாரிப்பது உங்கள் இருவருக்கும் கைவந்த வேலையாக இருக்கும், ஊருக்கும் அப்படி ஒரு ஆள் தேவைப்படும்.

சபையில் வாக்களிக்க வேண்டுமானால் பெயர் இந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். உங்கள் ஓட்டு இன்னும் சென்னையில் இருந்தால் படிவம் 8 கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். மலையில் பூட்டிக் கிடக்கிற வீடுகள் நிறைய. மூன்று வருஷம் இருந்துவிட்டு விற்றுப் போனவர்களையும் இவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் தங்குகிற ஆளா, போகிற ஆளா என்று அவர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள், அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

வாட்ஸப் குழுவைக் கலைக்க வேண்டாம். காலை வணக்கப் படங்களை மட்டும் நிறுத்திவிடுங்கள். கரடி நிற்கிறது, மரம் விழுந்து ரோடு அடைத்திருக்கிறது, கரண்ட் இல்லை, இந்த மூன்றுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் எல்லோரும் திறந்து பார்க்க ஆரம்பிப்பார்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077ஐ அதில் மேலே பதித்து வையுங்கள். சமையல் கழிவை ராத்திரி வெளியில் வைக்காமல் இருப்பதும் சேர்த்தி. உங்கள் தொட்டிக்குப் பழகிய கரடி உங்கள் வீட்டோடு நிற்காது, தனியாக இருக்கிற மேல்வீட்டுப் பாட்டியின் கதவையும் தட்டும்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய வேண்டியதில்லை. குழாயும் பாதையும் மட்டும் ஐப்பசி மழைக்கு முன்னால் முடிந்தாக வேண்டும். நம் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துக்குப் பெருமழை அப்போதுதான். வேலை முடிந்து, முதல் பெருமழை கொட்டிய மறுநாள் காலையில் கீழ்வீட்டுக்குப் போய், ராத்திரி தண்ணீர் எப்படிப் போனது என்று அந்த அம்மாவிடம் கேளுங்கள். இன்னும் எங்காவது கசிகிறது என்று சொன்னால், அவர் காட்டுகிற இடத்தை நின்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.